சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் மாட்டிக்கொண்ட ரிமோட் டெஸ்க்டாப்பை மீட்பது எப்படி

மாதத்தில் 20-ஆம் தேதி என்றாலே கணக்கு அலுவலகங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்கு அதுதான் கெடு. அப்படி ஒரு 20-ஆம் தேதி காலை, நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொடுக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து போன். "சார், ரிமோட் போகமாட்டேங்குது, கான்ஃபிகரிங் ரிமோட் செஷன்னு காட்டிட்டு அப்படியே நிக்குது, சர்வரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடவா?" அந்தப் பெண் பவர் பட்டனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "தொடாதீங்கம்மா, ரெண்டு நிமிஷம் குடுங்க" என்றேன். அதே சர்வரில் அந்த நேரத்தில் இன்னும் மூன்று பேர் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே உட்கார்ந்து பதிவு போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு எல்லாம் ஒழுங்காக ஓடியது. மாட்டிக்கொண்டது இவருடைய செஷன், அதாவது சர்வருக்குள் இவருக்கென்று திறந்திருக்கும் டெஸ்க்டாப், மட்டும்தான். பட்டனை அழுத்தியிருந்தால் நான்கு பேர் வேலையும் போயிருக்கும், திறந்திருந்த கணக்குக் கோப்பு என்ன கதியாகியிருக்கும் என்று சொல்லவே முடியாது.

அதனால் இந்த வேலையில் நான் கறாராகப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றுதான்: எது மாட்டிக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள், அதைச் சரிசெய்ய எது சின்ன வேலையோ அதை முதலில் செய்யுங்கள். ரிமோட் வரவில்லை என்றால் சிக்கல் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். தெருவில் இருக்கலாம், அதாவது நெட்வொர்க்கில். வாசலில் இருக்கலாம், அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டு இணைப்பை வாங்கி உள்ளே விடுகிற சர்வீஸில். இல்லையென்றால் உள்ளே ஒருவருடைய அறையில், அதாவது அவருடைய செஷனில். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வது இரண்டாவதுக்கு மட்டும்தான் மருந்து.

கட்டளைகளை நான் போனில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே, ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், இடைவெளியும் சாய்கோடும் இங்கே இருக்கிறபடியே இருக்கட்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றிக் கவலை வேண்டாம். எல்லாமே விண்டோஸ் 10, 11, சர்வர் 2016-க்கு மேல் உள்ளவற்றுக்கானது. கமாண்ட் பிராம்ப்டை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத்தான் திறக்க வேண்டும், இல்லையென்றால் பாதிக் கட்டளைகள் 'ஆக்சஸ் டினைட்' என்று திரும்பி வந்துவிடும்.

முதலில் தெரு. உங்கள் கம்ப்யூட்டரில் பவர்ஷெல்லைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

டிஎன்சி சர்வர்பெயர் -போர்ட் 3389

டி, என், சி மூன்று எழுத்து, அவ்வளவுதான், டி என்பது 'டைம்' என்பதில் வரும் டி. 3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான போர்ட், அதாவது இணைப்பு வந்து சேரும் கதவு எண், யாராவது மாற்றி வைத்திருந்தால் அந்த எண்ணைப் போடுங்கள். கடைசி வரியில் 'டிசிபி டெஸ்ட் சக்ஸீடட்' என்பதற்கு எதிரே ட்ரூ என்று வந்தால் தெருவும் திறந்திருக்கிறது, வாசலில் ஆளும் நிற்கிறார். பிங் செய்து பார்த்து முடிவுக்கு வராதீர்கள், பிங்கை ஃபயர்வாலில் அடைத்து வைத்திருக்கும் இடங்கள் நிறைய. ஃபால்ஸ் என்று வந்தால் நெட்வொர்க், ஃபயர்வால், சர்வீஸ் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், அதை சர்வர் பக்கம் போய்த்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சரி, ரிமோட்டே வேலை செய்யாதபோது சர்வர் பக்கம் எப்படிப் போவது? இங்கேதான் பலரும் வேறு வழியில்லை என்று ரீஸ்டார்ட்டுக்குப் போய்விடுகிறார்கள், ஆனால் வழிகள் இருக்கின்றன. சர்வர் பக்கத்து அறையில் இருந்தால் நேராகப் போய் உட்காரலாம். அதே நெட்வொர்க்கில் இன்னொரு கம்ப்யூட்டர் இருந்தால், அங்கே சர்வீசஸ் ஜன்னலைத் திறந்து, ஆக்‌ஷன் மெனுவில் 'கனெக்ட் டு அனதர் கம்ப்யூட்டர்' கொடுத்து சர்வரின் பெயரைப் போட்டால் அதன் சர்வீஸ் பட்டியல் அப்படியே வரும். பவர்ஷெல்லில் 'என்டர்-பிஎஸ்செஷன் -கம்ப்யூட்டர்நேம் சர்வர்பெயர்' என்று போட்டும் உள்ளே போகலாம். அதற்கு வேண்டிய வின்ஆர்எம் என்ற சர்வீஸ், சர்வர் 2012 முதல் சர்வர் பதிப்புகளில் தானாகவே இயங்கிக்கொண்டுதான் இருக்கும், வேறு போர்ட்டில் வருவதால் ரிமோட் டெஸ்க்டாப் விழுந்தாலும் இது விழாது. ஹைப்பர்-வி, விஎம்வேர் என்று விர்ச்சுவல் மெஷினாக இருந்தால் கன்சோல் ஜன்னல் இருக்கிறது. எதுவும் இல்லையென்றால் அங்கே இருப்பவரை போனில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லலாம். நான் பாதி நேரம் செய்வது இதைத்தான்.

உள்ளே போனதும் முதலில் தட்ட வேண்டியது க்யூவின்ஸ்டா. க்யூ, டபிள்யூ, ஐ, என், எஸ், டி, ஏ, நடுவில் இடைவெளி கிடையாது, இங்கேயும் 'டைம்' டிதான். வேறு கம்ப்யூட்டரிலிருந்து பார்க்கிறீர்கள் என்றால் பின்னால் ஓர் இடைவெளி விட்டு '/சர்வர்:சர்வர்பெயர்' சேர்த்துக்கொள்ளுங்கள். யார் யார் உள்ளே இருக்கிறார்கள், அவரவர் செஷன் எண் என்ன, நிலை என்ன என்று ஒரு பட்டியல் வரும். அதில் ஒரு வரியை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள்: ஆர்டிபி-டிசிபி என்ற பெயரும் 65536 என்ற எண்ணும் இருக்கிற வரி. அதன் நிலை 'லிஸன்' என்றிருந்தால் வாசல் நன்றாகத்தான் இருக்கிறது, சர்வீஸில் கை வைக்கத் தேவையில்லை, ஒருவருடைய செஷன்தான் கோளாறு. அந்த வரியே இல்லை, அல்லது 'டவுன்' என்று இருக்கிறது என்றால் சர்வீஸ் பக்கம் போக வேண்டும். கட்டளையே பதில் தராமல் நின்றுகொண்டிருந்தால் அதையும் சர்வீஸ் மாட்டிக்கொண்டதற்கான அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு அந்த அலுவலகத்தில் லிஸன் வரி ஒழுங்காக இருந்தது. நான்கு பெயர்களில் மூன்று ஆக்டிவ். நாலாவது, போன் செய்தவருடையது, செஷன் எண் 3, நிலை 'டிஸ்க்'. டிஸ்கனெக்ட் ஆகிவிட்டது, ஆனால் முந்தின நாள் திறந்து வைத்த ஜன்னல்கள் எல்லாம் உள்ளேயே உயிரோடு இருக்கின்றன. இவர் திரும்ப வரும்போது விண்டோஸ் அவரை அதே செஷனில்தான் கொண்டுபோய் உட்காரவைக்கப் பார்க்கிறது, அந்தச் செஷனோ அசையவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் படிப்படியாகப் போங்கள். செஷன் இன்னும் ஆக்டிவ் என்று காட்டிக்கொண்டு, திரை மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் 'டிஎஸ்டிஸ்கான் 3' போதும். டி, எஸ், டி, ஐ, எஸ், சி, ஓ, என், முதல் டி 'டைம்' என்பதில் வருவது, இரண்டாவது டி 'டிஸ்க்' என்பதில் வருவது. இணைப்பை மட்டும் அறுக்கும், உள்ளே எதுவும் மூடாது, திரும்ப வந்தால் விட்ட இடத்திலேயே நிற்கலாம். டிஸ்க் நிலையிலேயே மாட்டிக்கொண்டது என்றால் 'லாகாஃப் 3'. இதில் சேமிக்காத வேலை போய்விடும், ஆகவே அந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். லாகாஃபும் நகரவில்லையென்றால் 'ஆர்வின்ஸ்டா 3', க்யூ இருந்த இடத்தில் ஆர். அன்று எங்களுக்கு லாகாஃபிலேயே முடிந்துவிட்டது, அரை நிமிடத்தில் அவர் உள்ளே வந்தார், மற்ற மூன்று பேருக்கும் நடந்ததே தெரியாது.

ஆர்வின்ஸ்டாவுக்கும் அசையாத செஷனும் உண்டு. அப்போது அந்த செஷனில் என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கம் போய், தலைப்பு வரியில் வலது கிளிக் செய்து 'செஷன் ஐடி' என்ற பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எண் 3 என்று இருக்கிற வின்லாகான் ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த புரோகிராமை, நிறுத்தினால் அந்த செஷன் முடிந்துவிடும். பக்கத்திலேயே சிஎஸ்ஆர்எஸ்எஸ் என்று ஒன்று இருக்கும், அதை மட்டும் தொடவே தொடாதீர்கள், அது விழுந்தால் முழு சிஸ்டமும் நீலத்திரையில் போய் நிற்கக்கூடும், எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபட்டோமோ அதுவே நடந்துவிடும்.

சர்வீஸுக்குப் போகும் முன் இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள், அடிக்கடி வருவதால் சொல்கிறேன். காப்பி பேஸ்ட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அதற்காக எதையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். ரிமோட் செஷனுக்குள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஆர்டிபிக்ளிப் என்பதை நிறுத்திவிட்டு, 'ரன் நியூ டாஸ்க்' கொடுத்து அதே பெயரைத் திரும்பத் தட்டினால் சரியாகிவிடும். அப்புறம், லாகின் ஆனதும் வெறும் கருப்புத் திரை வந்தால் கண்ட்ரோல், ஆல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், ரிமோட்டுக்குள் டெலீட்டுக்குப் பதில் எண்ட். அங்கிருந்து டாஸ்க் மேனேஜர் வந்தால் எக்ஸ்ப்ளோரரைத் திரும்ப ஓட்டிவிடலாம்.

இப்போது வாசல். சர்வீஸின் பெயர் பட்டியலில் 'ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்' என்று இருக்கும், கட்டளையில் அதன் பெயர் டெர்ம்சர்வீஸ், ஒரே சொல். அதை நம்பி இன்னொன்று இருக்கிறது, யூஎம்ஆர்டிபிசர்வீஸ், உங்கள் பிரிண்டரையும் டிரைவையும் செஷனுக்குள் கொண்டுவந்து காட்டுவது அதுதான்.

டெர்ம்சர்வீஸை நிறுத்தினால் உள்ளே இருப்பவர்களின் இணைப்பு அறும், ஆனால் அவர்கள் செஷன் சாகாது. திறந்த ஜன்னல்கள், ஓடுகிற வேலைகள் எல்லாம் உள்ளே அப்படியே இருக்கும், சர்வீஸ் எழுந்ததும் திரும்ப வந்து தொடரலாம். செஷன்களைப் பார்த்துக்கொள்வது வேறொரு பகுதி, லோக்கல் செஷன் மேனேஜர் என்று பெயர். ரீஸ்டார்ட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான், இதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். இருந்தாலும் திடீரென்று திரை போனால் எல்லோரும் பதறுவார்கள், அதனால் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். 'எம்எஸ்ஜி' என்று தட்டி, இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி, இடைவெளி, பிறகு சொல்ல வேண்டியது. உள்ளே இருக்கிற எல்லோர் திரையிலும் ஒரு பெட்டியாக எழும். "இரண்டு நிமிடம் இணைப்பு போகும், சேமித்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்" என்று நான் அனுப்புவேன்.

பிறகு கமாண்ட் பிராம்ப்டில்:

நெட் ஸ்டாப் டெர்ம்சர்வீஸ் /ஒய்
நெட் ஸ்டார்ட் டெர்ம்சர்வீஸ்
நெட் ஸ்டார்ட் யூஎம்ஆர்டிபிசர்வீஸ்

அந்த '/ஒய்' எதற்கென்றால், நம்பியிருக்கும் சர்வீஸையும் நிறுத்தலாமா என்று அது கேட்கும், அதற்கு முன்கூட்டியே சரி சொல்லிவிடுகிறோம். மூன்றாவது வரியைப் பலர் விட்டுவிடுவார்கள், அப்புறம் ரிமோட் வருகிறது ஆனால் பிரிண்டர் வரவில்லை என்று மறுநாள் போன் வரும். ஏற்கெனவே ஓடுகிறது என்று பதில் வந்தால் நல்லது, விட்டுவிடுங்கள். பவர்ஷெல் பழக்கம் என்றால் 'ரீஸ்டார்ட்-சர்வீஸ் டெர்ம்சர்வீஸ் -ஃபோர்ஸ்' என்ற ஒரே வரியில் நிறுத்தி எழுப்பிவிடலாம். ரிமோட் செஷனுக்குள் இருந்தபடியே இதைச் செய்கிறீர்கள் என்றால் இந்த ஒரு வரிதான் பாதுகாப்பு. மேலே சொன்ன மூன்று வரியை ஒவ்வொன்றாகத் தட்டினால் முதல் வரியிலேயே உங்கள் இணைப்பு போய்விடும், இரண்டாவதைத் தட்ட நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள்.

சில நேரம் நிறுத்தச் சொன்னால் நிற்காது. சர்வீசஸ் ஜன்னலில் 'ஸ்டாப்பிங்' என்று காட்டும், ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டு பட்டனும் மங்கிப்போயிருக்கும், நெட் ஸ்டாப் கொடுத்தால் இப்போதுதான் நின்றுகொண்டிருக்கிறது, பிறகு முயற்சி செய் என்று சொல்லும். இந்த இடத்தில்தான் முக்கால்வாசிப் பேர் மனசு விட்டுப்போய் ரீஸ்டார்ட் கொடுக்கிறார்கள். ஒரு நிமிடம் பொறுங்கள், நகரவில்லையென்றால் இதைத் தட்டுங்கள்:

எஸ்சி க்யூரிஎக்ஸ் டெர்ம்சர்வீஸ்

நிலை 'ஸ்டாப் பெண்டிங்' என்று வரும், கீழே பிஐடி என்று ஓர் எண் வரும். அந்த எண்தான் வேண்டும். இதை பவர்ஷெல்லில் தட்டினால் வேறு விதமாகப் போய்விடும், கவனியுங்கள்: விண்டோஸோடு வரும் பவர்ஷெல்லில் எஸ்சி என்பது கோப்பில் எழுதுகிற கட்டளையின் சுருக்கப் பெயர், அதனால் எந்தப் பதிலும் வராது, நீங்கள் இருக்கும் ஃபோல்டரில் 'க்யூரிஎக்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு மட்டும் உருவாகியிருக்கும், திறந்தால் உள்ளே டெர்ம்சர்வீஸ் என்று ஒரு சொல் இருக்கும். அங்கே எஸ்சிக்குப் பின்னால் புள்ளி வைத்து இஎக்ஸ்இ என்று சேர்த்துத் தட்ட வேண்டும்.

எண் கிடைத்ததும் உடனே கொன்றுவிடாதீர்கள். டெர்ம்சர்வீஸ் தனியாக ஓடுவதில்லை, எஸ்விசிஹோஸ்ட் என்ற ஒரு பொதுக் கூட்டுக்குள் ஓடுகிறது, அதே கூட்டுக்குள் வேறு சர்வீஸ்களும் குடியிருக்கலாம். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, ராம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனிக் கூடு கொடுத்துவிட்டார்கள். பழைய சிஸ்டத்திலும் ராம் குறைந்ததிலும் டிஎன்எஸ் கிளையண்ட், வொர்க்ஸ்டேஷன் போன்றவை இதோடு ஒன்றாகவே இருக்கலாம். இதைக் கொன்றால் அவையும் போகும், பகிர்ந்த ஃபோல்டர்கள் திறக்காது. ஆகவே முதலில் பாருங்கள், எண் 1234 என்று வைத்துக்கொண்டால்:

டாஸ்க்லிஸ்ட் /எஸ்விசி /எஃப்ஐ "பிஐடி ஈக்யூ 1234"

டெர்ம்சர்வீஸ் மட்டும்தான் வருகிறது என்றால் தயங்க வேண்டாம்:

டாஸ்க்கில் /எஃப் /பிஐடி 1234

பிறகு 'நெட் ஸ்டார்ட் டெர்ம்சர்வீஸ்'. பட்டியலில் வேறு பெயர்களும் வந்தால் அவற்றை எழுதி வைத்துக்கொண்டு, இதைச் செய்த பிறகு ஒவ்வொன்றையும் நெட் ஸ்டார்ட் கொடுத்து எழுப்பிவிடுங்கள். அடுத்த முறை இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் டெர்ம்சர்வீஸுக்குத் தனிக் கூடு கொடுத்துவிடலாம்: 'எஸ்சி கான்ஃபிக் டெர்ம்சர்வீஸ் டைப்= ஓன்'. கடைசிச் சொல் ஓ, டபிள்யூ, என். சமக்குறிக்கு முன்னால் இடைவெளி கூடாது, பின்னால் கட்டாயம் வேண்டும். அடுத்த முறை சர்வீஸ் எழும்போது தனியாக எழும்.

எழுந்ததா என்று உறுதிசெய்ய, க்யூவின்ஸ்டாவில் லிஸன் வரி திரும்ப வந்ததா பாருங்கள். கூடவே 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' தட்டி 3389-க்கு எதிரே 'லிஸனிங்' இருக்கிறதா என்றும் பாருங்கள். சர்வரில் லிஸனிங் இருந்தும் வெளியிலிருந்து டிஎன்சி ஃபால்ஸ் என்றால் ஃபயர்வால்தான். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று மாறிவிட்டதா, ரிமோட் டெஸ்க்டாப் விதி அந்த வகைக்கும் அனுமதி கொடுக்கிறதா என்று பாருங்கள்.

சர்வீஸ் 'ரன்னிங்' என்று காட்டுகிறது, இணைக்கப்போனால் உடனே உதறிவிடுகிறது என்றால் பெரும்பாலும் எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் சான்றிதழ், அதாவது இது இன்ன சர்வர்தான் என்று காட்டுகிற டிஜிட்டல் அடையாளம். ரிமோட் டெஸ்க்டாப் தனக்குத்தானே ஆறு மாதத்துக்கு ஒரு சான்றிதழ் எழுதிக்கொள்ளும், காலம் முடியும்போது புதிதாக எழுத முடியாமல் போனால் இப்படி ஆகும். ஈவண்ட் வியூவரில் சிஸ்டம் பதிவில் 1057 என்ற எண் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இதுதான். 'செர்ட்எல்எம்.எம்எஸ்சி' திறந்து, 'ரிமோட் டெஸ்க்டாப்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, அதை நீக்கி, சர்வீஸை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் புதிதாக எழுதிக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட சான்றிதழ் என்றால் நீக்காதீர்கள், அது வேறு கதை.

இது அடிக்கடி நடக்கிறது என்றால், டிஸ்கனெக்ட் ஆகி நாள்கணக்கில் உள்ளே கிடக்கிற செஷன்களை முதலில் சந்தேகப்படுங்கள். குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் பகுதியில் 'செஷன் டைம் லிமிட்ஸ்' என்று இருக்கிறது, அதில் டிஸ்கனெக்ட் ஆன செஷனை இத்தனை நேரத்துக்குப் பிறகு முடித்துவிடு என்று வைக்கலாம். இரவில் எதையாவது ஓடவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுவிட்டு நேரத்தை வையுங்கள். இன்னொன்று, 3389-ஐ நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தால் இன்றைக்கே மூடி விபிஎன் போடுங்கள். பாஸ்வேர்டை மாற்றி மாற்றி முயற்சி செய்கிறவர்கள் நாள் முழுக்க வாசலை இடித்துக்கொண்டே இருப்பார்கள், 2019 மே மாதம் வெளியான ப்ளூகீப் ஓட்டையில் விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 போன்ற பழைய பதிப்புகளில் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய வழி இருந்தது.

இத்தனையும் செய்தும் எழவில்லை, டாஸ்க்கில் கொடுத்தும் ப்ராசஸ் சாகவில்லை என்றால் கீழே ஏதோ டிரைவர் பிடித்து வைத்திருக்கிறது, அதற்கு ரீஸ்டார்ட் தவிர வழி இல்லை. அப்போதும் பவர் பட்டன் வேண்டாம். இணைப்பு அறுந்தவர்களால் உள்ளே வந்து சேமிக்க முடியாது, ஆகவே யார் யாருக்கு என்ன திறந்திருக்கிறது என்று போனில் கேளுங்கள், சர்வர் முன்னால் உட்கார்ந்து மூட முடிந்ததை மூடுங்கள். பிறகு 'ஷட்டவுன் /ஆர் /டி 300', டி இங்கேயும் 'டைம்' டிதான், ஐந்து நிமிட அவகாசம். இந்த நேர எண் பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், நேரம் வந்ததும் சேமிக்காத ஜன்னல்களையும் கேட்காமல் மூடிவிடும். நடுவில் யாராவது "கொஞ்சம் இருங்க சார்" என்று கூப்பிட்டால் 'ஷட்டவுன் /ஏ' கொடுத்தால் நின்றுவிடும்.